ஜூம்பா

ஜூம்பா என்பது இலத்தீன் அமெரிக்க இசைக்கும் நடன அசைவுகளுக்கும் ஏற்பக் குழுவாகச் செய்யப்படும் ஓர் ஏரோபிக் உடற்பயிற்சி முறை ஆகும். தமிழில் சூம்பா, சும்பா எனவும் எழுதப்படுவதுண்டு. கொலம்பியாவைச் சேர்ந்த நடனப் பயிற்றுநர் அல்பேர்ட்டோ பெரெஸ் 1990களில் இதனை உருவாக்கினார். இதனைத் தனியொரு நடன வகையாகக் கொள்வது பொருத்தமன்று. பல நடனங்களின் அடிகளைக் கடன்பெற்ற உடற்பயிற்சி என்பதே சரியாகும்.

தோற்றம்

பேட்டோ என அழைக்கப்படும் பெரெஸ், சல்சா நடனத்துக்குப் பெயர்பெற்ற காலி நகரில் 1970இல் பிறந்தவர். ஒருநாள் ஏரோபிக் வகுப்புக்குரிய ஒலிநாடாவைக் கொண்டுவர மறந்த அவர், தம் பையிலிருந்த சல்சா, மெரெங்கே பாடல்களை ஒலிக்கவிட்டு, அவற்றுக்கேற்ப அசைவுகளை அவ்விடத்திலேயே அமைத்தார் என்று கூறுவார். பின்னர் அவர் ஐக்கிய அமெரிக்காவின் மயாமி நகரில் வகுப்புகள் நடத்தினார். 2001இல் அல்பேர்ட்டோ பெர்ல்மன், அல்பேர்ட்டோ அகியோன் ஆகியோருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார் (மூவருக்கும் ஒரே முதற்பெயர் அமைந்தது தற்செயலே). பெர்ல்மனின் தாயார் பெரெசின் வகுப்புக்குச் சென்றுவந்தவர். அவர் வழியாகவே இத்தொடர்பு ஏற்பட்டது. தொடக்கத்தில் பயிற்சி ஒளிப்பதிவுகள் தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம் விற்கப்பட்டன. பின்னர்ப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் அளிப்பதே நிறுவனத்தின் முதன்மைத் தொழிலாயிற்று.

இசையும் அசைவுகளும்

நான்கு தாள வகைகள் இதற்கு அடிப்படையாகும். மெரெங்கே டொமினிக்கன் குடியரசுக்கு உரியது. நடை போன்ற எளிய அடிகளைக் கொண்டிருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. சல்சா, கியூபாவின் சோன் இசையை வேராகக் கொண்டு, நியூயார்க்கில் குடியேறிய கியூப, புவேர்ட்டோ ரிக்க மக்களிடையே உருப்பெற்றது. கும்பியா கொலம்பியாவின் கரீபியக் கரையில் ஆப்பிரிக்க, பழங்குடி, எசுப்பானிய மரபுகள் கலந்து பிறந்தது; அதன் மரபு வடிவில் பெண்கள் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி ஆடுவர். ரெகேட்டோன் இவற்றுள் இளையது.

சல்சாவும் மெரெங்கேயும் மரபாக இருவர் இணைந்து ஆடுபவை. ஒருவர் வழிநடத்த மற்றவர் அதனை உணர்ந்து அசைவதே அவற்றின் உயிர்நிலை. ஜூம்பாவில் இணை இல்லை. அனைவரும் பயிற்றுநரைப் பார்த்து அவர் செய்வதைப் பின்பற்றுகின்றனர். நடனம் என்ற முறையில் இது பெரிய இழப்பே. ஆயினும் இணையோ முன்பயிற்சியோ இன்றி எவரும் வகுப்பில் சேர முடிவது இதனாற்றான். வகுப்பு பெரும்பாலும் ஒரு மணிநேரம் நீடிக்கும். விரைவான பாடல்களும் மெதுவான பாடல்களும் மாறிமாறி வருவதால் இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது.

உடல்நலப் பயன்கள்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின்-லா குரோஸ் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 22 வயது வரையுள்ள 19 பெண்களைக் கொண்டு செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்குச் சராசரியாக 9.5 கலோரி செலவானது. இதயத்துடிப்பு உச்ச அளவின் 80 விழுக்காட்டை எட்டியது. இக்கணக்கின்படி ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 570 கலோரி செலவாகும். விளம்பரங்கள் சிலவற்றில் காணப்படும் 1,000 கலோரி என்பது மிகையாகும். ஆய்வில் பங்கேற்றோர் அனைவரும் இளம்பெண்கள் என்பதால், இதனை எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்தவும் இயலாது.

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ளவேண்டும் என்கிறது. இதனை ஜூம்பா நிறைவுசெய்யலாம். அதே வழிகாட்டுதல் வாரத்தில் இருநாள் கூறும் தசை வலுப்பயிற்சிக்கு இது ஈடாகாது. தரையை இறுகப் பற்றும் ஓட்டக் காலணியுடன் உடலைத் திருப்பும்போது முழங்காலும் கணுக்காலும் முறுக்குண்டு காயமடையக்கூடும். எளிதில் திரும்பும் அடிப்பகுதி கொண்ட காலணியே ஏற்றது. முதியோருக்கென வேகம் குறைந்த ஜூம்பா கோல்ட், நீரில் நின்று செய்யும் அக்வா ஜூம்பா ஆகிய வடிவங்களும் உண்டு.

பெயருரிமையும் எதிர்ப்பும்

ஜூம்பா என்பது பதிவுபெற்ற வணிகச் சின்னமாகும். உரிமம் பெற்ற பயிற்றுநர்களே தம் வகுப்புக்கு இப்பெயரைச் சூட்டலாம். ஆயினும் சல்சா, கும்பியா அடிகள் எவருடைய உடைமையும் அல்ல. ஆதலால் உரிமம் பெறாதோரும் அவற்றைக் கொண்டு வேறு பெயர்களில் வகுப்பு நடத்த முடிகிறது.

ஈரானில் 2017இல் ஜூம்பா தடைசெய்யப்பட்டது. கேரளத்தில் 2025ஆம் ஆண்டு சூன் மாதம் போதைப்பொருள் எதிர்ப்பு இயக்கத்தின் ஒரு பகுதியாக இது பள்ளிகளில் அறிமுகமானபோது, உடையையும் மாணவ மாணவியர் சேர்ந்து ஆடுவதையும் சுட்டிச் சில முசுலிம் அமைப்புகள் எதிர்த்தன. மாணவர்கள் பள்ளிச் சீருடையிலேயே பயிற்சி செய்கின்றனர் என்று மாநிலக் கல்வி அமைச்சர் விடையளித்தார்.