லினக்ஸில் டார் பிரவுசர் திறக்க மறுக்குதா? 'சூடோ' போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இணையத்தில் நாம் யார், எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை மறைக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் மென்பொருள், டார். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பிறந்த யோசனை இது. 2002-ல் பொதுமக்கள் கைக்கு வந்தது. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை 3 ரிலே கணினிகளைத் தாண்டித்தான் போகும். அனுப்பியவர் யார், எங்கே போகிறது என்ற இரண்டும் எந்த ஒரு ரிலேவுக்கும் சேர்ந்து தெரியாது.

சரி, லினக்ஸில் டவுன்லோடு செய்து, பிரித்து, டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அல்லது 'புரொஃபைலை அணுக அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. என்ன காரணம்?

பெர்மிஷன்னா என்ன?

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. படிக்க, எழுத, இயக்க என 3 அனுமதிகள். உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் இவை தனித்தனி.

கிளிக் செய்தும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் 'இயக்க' அனுமதி இல்லை என்று அர்த்தம். டார் ஃபோல்டரில் உள்ள ஸ்டார்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் புரோகிராமாக இயக்க அனுமதி என்ற இடத்தில் டிக் போட்டால் போதும். ஃபோல்டர் பென் டிரைவில் இருக்கிறதா? அதை முதலில் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்க. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32 அமைப்பில் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்கும் வசதியே கிடையாது.

சூடோ போட்டால் என்ன தப்பு?

இங்கேதான் சிக்கலே. எது வேலை செய்யவில்லை என்றாலும் 'சூடோ' சேர்த்துப் பார்ப்பது லினக்ஸ் பழகுபவர்களின் கைப்பழக்கம். அப்படிப் பிரித்தால் ஃபோல்டரின் உரிமையாளர் நீங்கள் இல்லை, ரூட். பிறகு சாதாரண யூசராகத் திறக்கும்போது அதில் எழுத முடியாமல் பிரவுசர் தடுமாறும். புரொஃபைல் பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். சரி, ரூட்டாகவே திறக்கலாமே என்று முயன்றால், டாரின் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டே மறுத்துவிடும். அப்படித் திறக்கவிட்டால், பிரவுசரில் உள்ள ஓர் ஓட்டை வழியாக வருபவருக்கு முழுக் கணினியும் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கு. டார் பிரவுசர் தன் ஃபோல்டருக்குள்ளேயே தன்னை அப்டேட் செய்துகொள்ளும். உரிமை ரூட்டிடம் இருந்தால் அதுவும் நடக்காது. எப்படியோ திறக்க வைத்தாலும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2013 ஆகஸ்டில், டாருக்கு அடிப்படையான ஃபயர்பாக்ஸின் ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, பயனர்களின் உண்மையான இணைய முகவரியை வெளியே அனுப்பும் நிரல் சில தளங்களில் வைக்கப்பட்டது. குறி விண்டோஸ் பயனர்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் ஜூன் மாதமே வந்திருந்தது. சிக்கியவர்கள் அப்டேட் செய்யாதவர்கள்தான்.

தீர்வு எளிது. அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டு, ஹோமுக்குள் சூடோ இல்லாமல் மறுபடி பிரியுங்க. அவ்வளவுதான்.

777 போடலாமா?

கூடவே கூடாது. 777 என்றால் அந்தக் கணினியில் உள்ள எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். வேடிக்கை என்னவென்றால், டாரைப் பின்னணி சர்வீஸாக ஓட்டி ஆனியன் தளம் நடத்துபவர்களுக்கு 777 போட்டால் பிரச்சினை கூடும்! ஆனியன் தளத்தின் ரகசியச் சாவி இருக்கும் ஃபோல்டர் மற்றவர்களுக்குத் திறந்திருந்தால், 'அனுமதி அளவுக்கு மீறி இருக்கிறது' என்று டார் தொடங்கவே தொடங்காது. அதற்கு 700 போதும். உபுண்டு, டெபியனில் அதன் உரிமையாளர் நீங்களும் இல்லை, ரூட்டும் இல்லை. 'டெபியன்-டார்' என்ற தனி யூசர்.

டாரைக் கண்காணிக்கும் கருவிகள் 'அனுமதி இல்லை' என்றால், உங்கள் யூசரை அந்த 'டெபியன்-டார்' குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அதே பிழை வருதா? ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாங்க. குழு மாற்றம் புதிய லாகினில்தான் அமலுக்கு வரும்.