முற்றுகையில் சாரயேவோ: சுவடிகளும் பள்ளிகளும்

பொஸ்னியாவின் தலைநகரான சாரயேவோ, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. யுகோஸ்லாவியா சிதறியபோது, 1992 ஏப்ரலில் பொஸ்னிய செர்பியப் படைகள் அம்மலைகளில் பீரங்கிகளை நிறுத்தி நகரை முற்றுகையிட்டன. 1996 பிப்ரவரி வரை முற்றுகை நீடித்தது.

முதலில் அழிந்தது கீழைத்தேயவியல் நிறுவனம். 1992 மே 17 அன்று அரபு, பாரசீகம், துருக்கி மொழிகளில் எழுதப்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே எரிந்தன. ஆகஸ்ட் 25 இரவு தேசிய நூலகத்தின் மீது தீக்குண்டுகள் விழுந்தன. 1896-இல் நகர மன்றமாகத் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் சுமார் 15 லட்சம் நூல்கள் இருந்தன. நகருக்குக் குடிநீர்கூடச் சரிவர வராத நேரம் அது. தீயணைப்பு வீரர்களுக்குப் போதிய நீர் கிடைக்கவில்லை. நூலகப் பணியாளர்களும் பொதுமக்களும் வரிசையாக நின்று, எட்டிய நூல்களைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தனர். நூலகர் ஒருவர் உயிரிழந்தார். தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாகி நகரெங்கும் பறந்தது.

1537-இல் நிறுவப்பட்ட காசி ஹுஸ்ரெவ் பேக் நூலகத்தின் சுவடிகள் தப்பின. அதன் இயக்குநர் முஸ்தஃபா யாஹிச்சும் சில ஊழியர்களும் வாழைப்பழப் பெட்டிகளில் சுவடிகளை அடுக்கி, குறிபார்த்துச் சுடுபவர்களின் கண்ணில் படும் தெருக்கள் வழியே கையில் சுமந்து சென்றனர். ஓரிடம் ஆபத்தானால் அடுத்த இடம் என முற்றுகைக் காலத்தில் எட்டு முறை மாற்றினர். பெரிய பாதுகாப்புத் திட்டம் எதையும்விட இந்த ஓயாத இடமாற்றமே பலன் தந்தது எனலாம். தேசிய அருங்காட்சியகத்திலிருந்த 14-ஆம் நூற்றாண்டு யூதச் சுவடியான சாரயேவோ ஹகாதாவையும் என்வர் இமாமோவிச் முதலானோர் மீட்டு வங்கிப் பெட்டகத்தில் வைத்தனர். இரண்டாம் உலகப் போரில் அதே சுவடியை நாஜிகளிடமிருந்து மறைத்தவர் தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் நூலகர்.

பள்ளிகளும் இதே வழியில்தான் பிழைத்தன. பல பள்ளிக் கட்டடங்கள் போர்முனையில் சிக்கின அல்லது அகதிகளின் புகலிடமாயின. ஆகவே பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதற்குப் பதிலாகப் பள்ளி அவர்களிடம் வந்தது. எந்தப் பள்ளியில் பணியாற்றியவர் என்று பாராமல், ஒரு பகுதியில் வசித்த ஆசிரியர்களே அப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளும் நிலவறைகளும் வகுப்பறைகளாயின. ஜன்னல் இல்லாத இடமே நல்ல இடம். 'போர்க்காலப் பள்ளிகள்' எனப்பட்ட இவற்றில் பாடத்திட்டம் சுருக்கப்பட்டது. ஆனாலும் தேர்வுகள் நடந்தன. மின்சாரமும் விறகும் அரிதாக இருந்த குளிர்காலத்திலும், பெயரளவுக்கே ஊதியம் பெற்ற ஆசிரியர்கள் வகுப்பை நிறுத்தவில்லை. இத்தனை எச்சரிக்கையும் எப்போதும் காக்கவில்லை. 1993 நவம்பரில் அலிபாஷினோ போல்யே பகுதியில் வகுப்பின் மீது குண்டு விழுந்து ஆசிரியை ஒருவரும் மாணவர் மூவரும் இறந்தனர்.

எரிந்த சுவடிகளைத் திரும்பப் பெற வழியில்லை என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் போருக்கு முன் சாரயேவோ வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் தம் ஆய்வுக்காக நகல்களும் நுண்படங்களும் எடுத்துச் சென்றிருந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகர் அந்த்ராஷ் ரீட்ல்மாயரும் நண்பர்களும் அவற்றைத் தேடித் திரட்டத் தொடங்கினர். அப்படிக் கிடைத்த சில சுவடிகளுக்கு அந்த நகலே இன்று ஒரே சான்று. நூலகக் கட்டடம் 2014 மே 9 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.