கண்ணாடி பிடித்தவன்

பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு புரொஜெக்டர் வாங்குவதா, இல்லை பழைய மானிட்டரைப் பிரித்து நாமே ஒன்று கட்டிவிடுவதா? இந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் அலைந்தேன். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளையடித்த சுவர் ஒன்று சும்மா நிற்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் பாயை விரித்துப் படம் பார்க்கலாம். ஆசை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் விலை பார்ப்பதும், லென்ஸ் கணக்குப் போடுவதும், மூடி வைப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "நாங்க பத்துப் பைசா செலவில்லாம செஞ்சோம். நீ என்னடா பத்தாயிரங்கிற?" என்றார்.

அவர் சொன்னது தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தெரிந்த வித்தை. ஃபியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கும் கம்பிகளை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுதான் லென்ஸ். டென்ட் கொட்டகையில் அறுந்துபோய் வெட்டி எறிந்த பிலிம் துண்டோ, பெட்டிக்கடையில் வாங்கிய பிலிம் துண்டோ ஒன்று. அதை அட்டைப்பெட்டியில் வெட்டிய சதுரத்தில் சொருகினால் பாதி வேலை முடிந்தது. கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து, எதிர்ச்சுவரில் வேட்டியைக் கட்டி, வெளியே வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே திருப்புவான். வேட்டியில் எம்ஜிஆர் தெரிவார். துண்டைத் தலைகீழாகச் சொருகினால்தான் அவர் நேராக நிற்பார்.

வித்தை மாதிரி இருந்தாலும் இதில் இயற்பியல் சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் நிரம்பிய கோளம் ஒரு குவிலென்ஸ். அதன் குவியம், கோளத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய அதன் விட்டத்தின் அளவுக்குத் தள்ளி விழும். ஆறு செ.மீ. அகலமுள்ள பல்பு என்றால் மையத்திலிருந்து ஆறு செ.மீ., அதாவது கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து மூன்று செ.மீ. பிலிம் அதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்தால் சுவரில் பெரிய பிம்பம் கிடைக்கும். அந்தப் பையன்கள் யாரும் சூத்திரம் படித்ததில்லை. பல்பை முன்னும் பின்னும் நகர்த்தியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"நல்லாத் தெரியுமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னா தெரியும்? நான்தானே வெளிய கண்ணாடி புடிச்சேன். சூரியன் நகந்துக்கிட்டே இருக்கும்டா. நாம கொஞ்சம் அசந்தா உள்ள இருட்டாயிடும், பசங்க கத்துவானுங்க. படத்த நான் ஒருநாளும் பாத்ததில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு என் காகிதத்தில் இருந்த கேள்வி மாறிவிட்டது. வாங்குவதா, கட்டுவதா என்று யோசித்தவர்கள் எனக்கு முன்னால் யார் யார்? அவர்களில் கண்ணாடி பிடித்தது யார்?

வாங்கியவர்களில் முதலில் நிற்பவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பிரிவில் வேலை. 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். அங்கே அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஊர் திரும்ப நினைத்தவர் தன் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படமும் அவற்றில் ஒன்று. விலை 2,250 ரூபாய் என்றும், வின்சென்டின் மாதச் சம்பளம் 25 ரூபாய் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் 90 மாதச் சம்பளம். சோறு தண்ணி இல்லாமல் ஏழரை வருடம் சேர்த்தால் கிடைக்கும் தொகை. அதைப் புரட்டிக் கொடுத்து வாங்கிய கையோடு அரசாங்க வேலை மாதிரியான அந்த வேலையையும் விட்டார். அப்போது அவருக்கு வயது 22.

'வாங்கினார்' என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அன்றைய புரொஜெக்டர், பெட்டியைப் பிரித்து பிளக்கைச் சொருகினால் ஓடுகிற சாமான் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால்தான் சுருள் ஓடும். சுற்றும் வேகம் தப்பினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், இல்லையென்றால் மிதப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது. ஊர்சுற்றிப் படம் காட்டியவர்கள் சுண்ணாம்புக் கட்டியை வாயுச்சுடரில் காய்ச்சி அது வெண்மையாக ஒளிர்வதை வைத்துப் படம் காட்டினார்கள். இயந்திரத்தோடு வெளிச்சம் வரவில்லை. அதை ஒவ்வொரு ஊரிலும் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

வின்சென்ட் டென்ட் அடித்து அடித்து பெஷாவர் வரை போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். பிறகு மின்சாரத்தில் ஓடும் அச்சகம், அரிசி ஆலை என்று அவர் போனதைப் படித்தபோது ஆச்சரியமாக இல்லை. வெளிச்சத்துக்காகப் பத்து வருடம் அலைந்தவருக்கு மின்சாரத்தின் அருமை தெரியாமல் போகுமா?

கட்டியவர்கள் பக்கம் போனால், பம்பாய்க்கு அருகே கல்யாணில் மகாதேவ் கோபால் பட்வர்தன் இருக்கிறார். சினிமா இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 1890களின் தொடக்கத்தில், 'ஷாம்பரிக் கரோலிகா' என்ற பெயரில் மாய விளக்குக் காட்சி நடத்தியவர். கண்ணாடித் தகடுகளில் ராமாயணப் பாத்திரங்களைக் கையாலேயே வரைந்தார்கள். ஒரே உருவத்தை வெவ்வேறு நிலைகளில் வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டி, அசைவதுபோல ஆக்கினார்கள். குடும்பமே இதில் இறங்கியது. மகன்களும் கூடவே ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் விளக்கை இயக்க, ஒருவர் கதை சொல்ல, ஒருவர் பாட வேண்டும். கட்டிய கருவியை விற்றுவிட்டுப் போக முடியாது. கட்டியவர்களே கூடப் போனால்தான் அது ஓடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. கோலாப்பூரில் நாடகத் திரைச்சீலைகள் வரைந்துகொண்டிருந்த பாபுராவ் பெயின்டரும் அவருடைய உறவுச் சகோதரர் ஆனந்தராவும் படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். வெளிநாட்டு கேமரா வாங்கக் காசில்லை. பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். சுருளை ஒரு சட்டம் நகர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி நகர்த்தும் அந்தப் பொறிதான் கேமராவுக்கும் உயிர். ஒன்றில் வெளிச்சம் வெளியே போகிறது, மற்றொன்றில் உள்ளே வருகிறது. 1916இல் ஆனந்தராவ் இறந்துபோனார். பாபுராவ் விடவில்லை. 1918இல் கேமரா தயாரானது. 1920இல் 'சைரந்திரி' வெளிவந்தது. வாங்கியதைப் பிரித்து, பிரித்ததிலிருந்து கட்டினார். கூட ஆரம்பித்தவர் அதைப் பார்க்க இல்லை.

இவர்களோடு பெயர் தெரியாத ஒரு கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். டென்ட் கொட்டகை ஆபரேட்டர்கள். பெரும்பாலும் ஒற்றை மெஷின்தான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததைப் போடும்வரை விளக்கு எரியும், முறுக்கு விற்கும். படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை வந்தது அதனால்தான். மெஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே தீப்பொறி போல எரிந்துகொண்டிருப்பதுதான் வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். ஆபரேட்டர் அதைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் திரை மங்கும். தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். எத்தனை நூறு தடவை ஒரு படத்தை ஓட்டினாலும் அவர் கண் பாதி நேரம் குச்சியில்தான்.

சித்தப்பா கண்ணாடியோடு வெயிலில் நின்றது இவர்கள் வரிசையில்தான்.

சரி, என் காகிதத்துக்கு வருகிறேன். இன்றைக்கு மலிவு விலையில் கிடைக்கும் பல புரொஜெக்டர்களின் உள்ளே இருப்பது ஒரு எல்இடி விளக்கு, கைக்கடக்கமான எல்சிடி திரை ஒன்று, லென்ஸ், விசிறி. நாமே கட்டினாலும் இதே சாமான்கள்தான். நஷ்டமும் ஒன்றேதான். எல்சிடி திரையின் ஒளிமுனைவாக்கித் தாள் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சியதில் வண்ண வடிகட்டி மூன்றில் இரண்டு பங்கைத் தின்னும். நூறு பங்கு ஒளி உள்ளே போனால் பத்துப் பங்குகூட வெளியே வராது. மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் விசிறி இரைகிறது. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் லூமன் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆன்சி லூமன் எவ்வளவு என்று தேட வேண்டும். '1080பி ஆதரவு' என்பதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் திரையின் சொந்தப் புள்ளிகள் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

கட்டும் செலவையும் கூட்டினேன். நூறு வாட் எல்இடி, அதன் சூடு தணிக்கும் அலுமினியத் தட்டு, இரண்டு ஃப்ரெனல் லென்ஸ், முன்லென்ஸ், மின்வழங்கி எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஏழாயிரத்தைத் தாண்டியது. மானிட்டரைப் பிரிக்கும்போது அதன் ரிப்பன் கேபிள் அறுந்தால் இன்னொரு மானிட்டர். காசு மிச்சம் என்பதற்காகக் கட்டுவதில் அர்த்தமில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கட்டலாம். அதற்கு ராத்திரிகள் வேண்டும். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் சாலிடரிங் கற்றுக்கொண்டு வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கினேன். ஓரத்தில் கொஞ்சம் மங்கல், விசிறிச் சத்தம் உண்டு. ஆனாலும் மாடிச் சுவரில் படம் தெரிகிறது. முதல் ராத்திரி சித்தப்பா பத்து நிமிஷம் படம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விசிறியிலிருந்து வரும் காற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு யாரும் நிக்க வேணாமா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பழைய பல்பை இரண்டு பேருமாக உடைத்தோம். இரண்டாவது பல்பில்தான் சரியாக வந்தது. தெரிந்த கடையில் ஒரு பிலிம் துண்டு கிடைத்தது. யாரோ ஒரு நடிகை, பாதி நிறம் போயிருந்தது. கதவைச் சாத்தி சித்தப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, கண்ணாடியோடு நான் வெளியே வந்தேன். நல்ல வெயில். அவர் சொன்னது சரிதான், சூரியன் நிற்பதே இல்லை. கை வலிக்க வலிக்கத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேல… இன்னும் கொஞ்சம் மேல… ஆங், அசையாத."