49 ஆண்களும் ஒரு குப்பி ரத்தமும்

மனச்சோர்வை எண்ணால் அளந்துவிடலாம் என்று மருத்துவ உலகை நம்பவைத்தவர்களில் முக்கியமானவர் மாக்ஸ் ஹாமில்டன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய அவர் 1960இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியிடம் பேசிவிட்டு மருத்துவர் மதிப்பெண் போடுவார்: சோகம், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம், தூக்கம், பசி, எடை என 17 இனங்கள். அந்த முதல் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படித்த செய்தி ஒன்றுண்டு. அளவுகோலுக்கு அடிப்படையான நோயாளிகள் 49 பேர். 49 பேரும் ஆண்கள். இத்தனைக்கும் அதன் ஓர் இனத்தில் மாதவிடாய்க் கோளாறும் இருக்கிறது! 1967இல் எழுதிய அடுத்த கட்டுரையில்தான் பெண் நோயாளிகள் வருகிறார்கள்.

தூக்கத்துக்கு மட்டும் இந்த அளவுகோலில் மூன்று இனங்கள், ஆறு மதிப்பெண். கைக்குழந்தைக்காரி ஒருத்தியை இதன் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுத்தவளுக்கு அசதி, சரியான சாப்பாடு இல்லை. நோய் இல்லாமலேயே எண் ஏறும்.

எண்ணை மட்டும் நம்ப முடியாது என்ற சங்கடம் மனநல மருத்துவர்களுக்கும் இருந்தது. சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று ஏங்கினார்கள். 1981இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து பெர்னார்ட் கரோலும் அவருடைய குழுவினரும் அதைக் கொண்டுவந்தார்கள். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை. மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம் எடுப்பார்கள். மாத்திரை கார்டிசாலை அடக்கியிருக்க வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கடும் மனச்சோர்வு என்றார்கள். நோயுள்ளவர்களில் 67 சதவீதத்தினரை இது கண்டுபிடித்ததாகவும், நோயில்லாதவர்களில் 96 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியதாகவும் கணக்கு. அதே ஆண்டு ஹாமில்டனின் இனங்களை நோயாளியே நிரப்பும்படி மாற்றி, ஒரு கேள்வித்தாளையும் கரோல் வெளியிட்டார். ஒரு கையில் தாள், மறு கையில் ரத்தக் குப்பி.

உற்சாகம் சில வருடங்களில் வடிந்தது. எடை குறைந்தவர்கள், மறதி நோயாளிகள், குடியை நிறுத்தியவர்கள் எனப் பலருக்கும் பரிசோதனை தவறாகக் கை காட்டியது. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் குழு, வழக்கமான பயன்பாட்டில் இதற்கு இடம் குறைவு என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முடிவு தவறாக வரக்கூடியவர்களின் பட்டியலில் ஆரம்பத்திலேயே கர்ப்பிணிகள் இருந்தார்கள். கர்ப்பத்தில் கார்டிசால் இயல்பாகவே உயர்கிறது. அதாவது பெண்ணுடலின் சாதாரண நிலை ஒன்று இந்தப் பரிசோதனைக்கு இடைஞ்சல்.

அந்த 1987இலேயே ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் எடின்பரோ கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 10 கேள்விகள், தாயே நிரப்பலாம். உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். தூக்கம் பற்றிய கேள்வி உண்டு, ஆனால் அது கேட்பது மனவருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்பதை. குழந்தை எழுப்பினால் அது கணக்கில் சேராது. இந்தச் சின்ன மாற்றத்தை எந்த ஆய்வகக் கண்டுபிடிப்பைவிடவும் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னர் இது தமிழிலும் வந்தது.

2002இல் வேலூர் மருத்துவர்கள் கிராமப்புறத் தமிழ்ப் பெண்கள் 359 பேரைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சேர்த்து, பிரசவத்துக்குப் பிறகும் சந்தித்த ஆய்வு வெளியானது. 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதனுடன் சேர்ந்து வந்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆளில்லாமை. இவற்றில் எதை ரத்தத்தில் தேடுவது?

அதற்காக ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி வீங்கிச் சுரப்பு குறைந்தாலும் பெண் சோர்ந்துபோவாள், அழுவாள். ரத்தசோகையிலும் அப்படித்தான், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. கேள்வித்தாளில் எண் கூடியவளுக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் மனநோய் மாத்திரை எழுதுவது அநியாயம். எண் சரியாக இருந்தும் முகம் வாடியிருப்பவளிடம், "வீட்டில் யார் உதவுகிறார்கள்?" என்று கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்புவதும் அதே அநியாயம்தான்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே தனியான முதல் மருந்துக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தது. பெயர் பிரெக்ஸனலோன். பிரசவத்தோடு சட்டென்று வீழும் அலோபிரெக்னனலோன் என்ற பொருளை ஒத்தது. 60 மணி நேரம் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். உயிரியல் பெண்ணுடலைத் தேடி வந்துவிட்டது என்று மகிழ்ந்து ஆய்வறிக்கையைப் புரட்டினேன். மருந்து வேலை செய்ததா என்பதைத் தீர்மானிக்க முதன்மை அளவீடாக எடுத்திருந்தது ஹாமில்டனின் அந்த 17 இனங்களை.