சர்வேயர் ஆகணுமா, ஜிஐஎஸ் படிக்கணுமா? என்ன படிக்கலாம், எங்கே வேலை கிடைக்கும்? முழு விவரம்

"பக்கத்து மனைக்காரர் ஒரு அடி தள்ளி வேலி போட்டுட்டார்." தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா அலுவலகத்துக்குப் போனாலும் காதில் விழும் புகார் இது. ஒரு அடிதானே என்று தோன்றலாம். ஆனால் எல்லைக்கோடு 100 அடி நீளம் என்றால், அந்த ஒரு அடி 100 சதுர அடியை விழுங்கிவிடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதாவது, கிட்டத்தட்ட கால் சென்ட் காலி!

இப்படிப்பட்ட சண்டையில் இரண்டு தரப்பும் கடைசியில் எதிர்பார்ப்பது சர்வேயரைத்தான். இன்று அந்த சர்வேயர் கையில் சங்கிலி இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் வாங்கும் கருவி இருக்கிறது. அவர் அளந்தது கம்ப்யூட்டரில் வரைபடமாக ஏறுகிறது. இதனால் நில அளவையும் ஜிஐஎஸ்ஸும் சேர்ந்து ஒரே தொழிலாக மாறி வருகின்றன. ரிசல்ட் வந்ததும் "இதைப் படிக்கலாமா?" என்று கேட்கும் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயங்கள் இதோ.

ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ஒரு இடம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று களத்தில் நின்று அளப்பது சர்வே. அப்படி அளந்த தகவல்களை அடுக்கடுக்காக வரைபடத்தில் ஏற்றி, கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு.

ஒரு உதாரணம். ஓர் ஊரில் ஏரியின் எல்லை ஒரு அடுக்கு. வீடுகள் இன்னொரு அடுக்கு. மழைநீர் வாய்க்கால் மூன்றாவது அடுக்கு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், "ஏரி நிரம்பினால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். பதிலைத் தருவது ஜிஐஎஸ். ஆனால் அந்தப் பதில் சரியா தப்பா என்பதை முடிவு செய்வது, அடியில் இருக்கும் அளவு. அளவு தப்பானால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

சென்னைக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன தொடர்பு?

கிண்டி பொறியியல் கல்லூரி தொடங்கியதே ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான். ஆண்டு 1794. அடுத்து 1802 ஏப்ரல் 10-ம் தேதி, பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்து இமயமலை வரை போனதுதான் 'மாபெரும் முக்கோண அளவை'. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

அந்தக் காலத்தில் முதல் கோட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? முதல் கோட்டில் பிழை இருந்தால், அது அடுத்தடுத்த எல்லா முக்கோணங்களுக்கும் பரவும். கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. இந்த விதி மட்டும் மாறவில்லை.

என்னென்ன கருவிகள்?

டோட்டல் ஸ்டேஷன்: முக்காலி மேல் நிற்கும் கருவி. கோணத்தையும் தூரத்தையும் ஒரே நேரத்தில் அளக்கும். கட்டடம், பாலம், மெட்ரோ வேலைகளில் தவறாமல் பார்க்கலாம்.

டிஜிபிஎஸ், ஆர்டிகே: செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இந்தக் கருவிகள், துல்லியமாக இடம் தெரிந்த ஒரு நிலையத்தின் உதவியோடு பிழையைத் திருத்தி, சென்டிமீட்டர் அளவுக்குச் சொல்லும். இதற்காகவே இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க நிரந்தர நிலையங்களை அமைத்துள்ளது.

டிரோன்: பெரிய பரப்பை வேகமாகப் படம் பிடிக்கும். கிராமக் குடியிருப்புகளை டிரோன் மூலம் அளக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020-ல் தொடங்கியது. நகர்ப்புற நிலங்களுக்கான நக்ஷா திட்டம் 2025 பிப்ரவரியில் வந்தது.

மென்பொருள்: ஆட்டோகேட், ஆர்க்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ். இதில் கியூஜிஐஎஸ் முழுக்க இலவசம்.

என்ன படிக்கலாம்?

10-ம் வகுப்பு முடித்தவர்கள்: ஐடிஐ-யில் சர்வேயர் அல்லது டிராஃப்ட்ஸ்மேன் சிவில் பிரிவு. சர்வேயர் பிரிவு எல்லா ஐடிஐ-யிலும் இருக்காது. சேரும் முன் விசாரிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு சிவில் டிப்ளமோவும் நல்ல வழி. அதில் சர்வே பாடமும் செய்முறையும் உண்டு.

பிளஸ் டூ கணிதப் பிரிவு: சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் உள்ளது. பொறியியல் கலந்தாய்வு மூலம் சேரலாம். பி.இ. சிவில் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் வருவதும் வழக்கம்.

கலை, அறிவியல் மாணவர்கள்: பி.எஸ்சி. புவியியல் அல்லது நிலவியல் படித்து, முதுநிலையில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் அல்லது தொலையுணர்வு எடுக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதற்கான துறைகள் உள்ளன.

கம்ப்யூட்டர் மாணவர்கள்: பைத்தான், டேட்டாபேஸ் தெரிந்தவர்கள் ஜிஐஎஸ் டெவலப்பர் ஆகலாம். ஆனால் வரைபடக் கணக்கின் அடிப்படையைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

மேற்படிப்பு: கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேடிக்ஸ் இன்ஜினியரிங் என்ற தனித்தாள் உள்ளது. அதன் மூலம் ஐஐடி போன்ற நிறுவனங்களில் எம்.டெக். சேர முயலலாம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், எம்.டெக். முதல் குறுகிய காலப் பயிற்சி வரை நடத்துகிறது. அதன் ஆன்லைன் வகுப்புகள் பல இலவசம்.

அரசு வேலை எங்கே?

தமிழ்நாடு நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையில் நில அளவர், வரைவாளர் பணியிடங்களை டிஎன்பிஎஸ்சி நிரப்புகிறது. 2022-ல் வந்த ஒரே அறிவிப்பில் 1,089 இடங்கள் இருந்தன. சிவில் டிப்ளமோ படித்தவர்களும், ஐடிஐ சர்வேயர் அல்லது டிராஃப்ட்ஸ்மேன் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் அதற்கு விண்ணப்பித்தார்கள். எல்லா ஆண்டும் இதே எண்ணிக்கை வராது. 'கவர்ன்மென்ட் வேலை கிடைக்கும்' என்ற ஒரே நம்பிக்கையில் சேராமல், தனியார் வேலைக்கும் தயாராக இருப்பது நல்லது.

அரசுப் பணியில் சேர்ந்தால் கருவி மட்டும் தெரிந்தால் போதாது. பட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பி எனப்படும் புலப்படம், உட்பிரிவு என வருவாய்த் துறை ஆவணங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய புலப்படங்கள் மூலைவிட்டக் கோடு போட்டு, அதிலிருந்து செங்குத்தாக வளைவுகளை அளக்கும் முறையில் வரையப்பட்டவை. அந்தத் தாளில் இருக்கும் எண்ணை நிலத்தில் கொண்டுவந்து கல் நடுவதுதான் சர்வேயரின் அன்றாட வேலை. இரண்டு பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும்போதும் அதை நிதானமாகச் செய்ய வேண்டும்.

மத்திய அரசில் இந்திய நில அளவைத் துறை இருக்கிறது. 1767-ல் தொடங்கிய இதன் தலைமையகம் டேராடூன். இதன் பயிற்சி நிறுவனம் ஹைதராபாத்தில் உள்ளது.

தனியாரில் வாய்ப்பு எப்படி?

நெடுஞ்சாலை, ரயில், மெட்ரோ, காற்றாலை, சோலார் பண்ணை என எந்த வேலைக்கும் முதல் ஆளாகப் போவது சர்வே குழுதான். வளைகுடா நாடுகளின் கட்டுமானத் திட்டங்களிலும் சர்வேயர்களுக்கு இடம் உண்டு. சுரங்கத்தில் சர்வேயராகப் பொறுப்பேற்க, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் தனித் தகுதிச் சான்று வேண்டும்.

டிரோன் ஓட்ட ஆசையா? 2021 டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்காக இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் அவசியம். அதற்கு 18 வயதும் 10-ம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேர்ந்தால் மட்டுமே இந்தச் சான்றிதழ் கிடைக்கும்.

2021-ல் மத்திய அரசு வரைபடத் தகவல்கள் மீதான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022-ல் தேசிய புவிசார் கொள்கை வந்தது. இந்திய நிறுவனங்கள் முன்அனுமதிக்கு அலையாமல் வரைபடம் தயாரிக்க வழி திறந்தது இதனால்தான்.

மூணு மாச கோர்ஸ் போதுமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மென்பொருளில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். அதை மட்டும் கற்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிஜிட்டைசிங் வேலை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடு, சாலை, வயல் என்று நாள் முழுக்கக் கோடு இழுப்பது. தொடக்கத்துக்கு அது தப்பில்லை. ஆனால் அந்த வேலையைத்தான் இப்போது ஏஐ வேகமாகக் கற்றுக்கொண்டு வருகிறது.

நிலைத்து நிற்பவர், 'இந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர். மூன்று உதாரணங்கள்:

1. ஒரு கல்லில் தொடங்கி, நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்து, அதே கல்லில் முடிக்கிறீர்கள். கணக்குப்படி தொடங்கிய எண்ணே திரும்ப வர வேண்டும். அப்படியே வராது, கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா, இல்லை திரும்ப அளக்க வேண்டுமா என்று முடிவெடுப்பவர்தான் சர்வேயர்.

2. பழைய இந்திய வரைபடங்கள், பூமியின் வடிவத்துக்கு 'எவரெஸ்ட்' என்ற கணக்கைப் பயன்படுத்தின. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது 'டபிள்யூஜிஎஸ் 84'. இரண்டையும் மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், சென்னைப் பகுதியில் ஒரே இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மென்பொருள் எல்லா நேரமும் இதைச் சொல்லி எச்சரிக்காது.

3. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10-க்கு 10 மீட்டர். அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஏரியில் தண்ணீர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க அது போதும். மனை எல்லையை முடிவு செய்ய உதவாது.

கோர்ஸில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் நிறுவனத்திலேயே இருக்கிறதா? மாணவர்கள் கையில் கொடுப்பார்களா?
* களப்பயிற்சி எத்தனை நாள்? வெயிலில் நடக்காத சர்வே படிப்பு, தண்ணீரில் இறங்காத நீச்சல் வகுப்பு மாதிரி.
* கொடுக்கும் சான்றிதழை டிஎன்பிஎஸ்சி ஏற்குமா? ஐடிஐ, டிப்ளமோ சான்றிதழுக்குச் சமம் என்று வாயால் சொன்னால் போதாது. பழைய தேர்வு அறிவிப்பை எடுத்துப் படித்துப் பார்க்கவும்.
* '100 சதவீத வேலை' என்றால் என்ன வேலை? டிஜிட்டைசிங்கா, களப்பணியா?
* முன்பு படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது நேரில் பேச முடியுமா?

செலவில்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். பணம் கட்டும் முன்பே, இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம்.

கியூஜிஐஎஸ்ஸை கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்தையும், இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தளத்தையும் பாருங்கள். சொந்த ஊர் ஏரியைத் தேர்ந்தெடுத்து, சென்டினல் படங்களை வைத்து மழைக்கு முன், மழைக்குப் பின் தண்ணீர் பரப்பை வரைந்து கணக்கிடுங்கள். பிறகு ஏரிக்கரைக்கு நேரில் போய், வரைந்த கோடு எங்கே சரி, எங்கே தப்பு என்று குறித்து வாருங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழோடு காட்ட இது ஒரு நல்ல வேலை மாதிரி.

தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேடு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் புலப்படத்தையும் பார்க்கலாம். வீட்டு நிலத்தின் புலப்படத்தில் உள்ள அளவுகளை டேப் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இது பயிற்சிக்கு மட்டும். புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துவிட்டு, "உங்க வேலி எங்க இடத்துல இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டாம். உட்பிரிவும் எல்லைக் கல்லும் வருவாய்த் துறை நடைமுறைப்படிதான் முடிவாகும்.

யாருக்கு இந்தப் படிப்பு செட் ஆகும்?

முக்கோணவியல் பிடிக்க வேண்டும். வெயில், முள், சேறு பார்க்காமல் நடக்க வேண்டும். களத்திலிருந்து திரும்பிய பிறகும் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சந்தேகம் வந்தால் "இன்னொரு தடவை அளந்து பார்த்துடலாம்" என்று சொல்லும் மனசு வேண்டும். ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய இடத்தின் எல்லை, அந்த இன்னொரு தடவையில்தான் சரியாகும்.