பாதி வெண்பாவும் மீதி வெண்பாவும்: இரட்டையர் காலம் குறித்த ஒரு மறுவாசிப்பு

கவலையற்ற இரு தோழர் பாட்டும் பகடியுமாக ஊர் சுற்றும் கதையமைப்பை உலகறியச் செய்தவை, பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் இணைந்து நடிக்க, 1940இல் ‘ரோட் டு சிங்கப்பூர்’ தொடங்கி 1962 வரை வெளிவந்த ஏழு ஹாலிவுட் படங்கள் எனினும், ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கும் அந்த நகையுத்தி, முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் இரட்டைப் புலவர் பற்றிய தமிழ் மரபில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முழுமை பெற்றிருந்தது. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழிகாட்ட, வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் பாடினர் என்பர். மதுரைக் குளத்தில் துவைத்த கந்தல் நழுவிப் போனபோதும், ஆடையைக் குறிக்கும் ‘கலிங்கம்’ என்னும் சொல்லைச் சொக்கலிங்கத்தோடு சிலேடையாக்கி இழப்பை நகைப்பாக்கியவர்கள் இவர்கள்.

இவர்களைக் காளமேகப் புலவரின் காலத்தவராகக் கொள்ளும் வாசிப்பு, தனிப்பாடல் திரட்டின் வழியே வேரூன்றியது. திருவாரூர்க் கோயில் மதிலில் இருவரும் பாதி வெண்பாவை எழுதி, மேலே செல்லாமல் விட்டுப் போயினர். திரும்பி வந்தபோது மீதியைக் காளமேகம் நிறைவு செய்திருக்கக் கண்டு அவரைத் தேடிச் சென்றனர். அவர் உடல் சுடுகாட்டில் எரிவதைக் கண்டு இரங்கற்பா பாடினர் என்பது அதன் சாரம். இக்கதையைச் சான்றாகக் கொள்வோர் அதிலுள்ள இரு செய்திகளைப் பிரித்தறியவில்லை. முன்னோர் விட்ட பாதியைப் பின்வந்தவர் நிறைவு செய்வதற்கு இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கத் தேவையில்லை. மதிற் சுண்ணாம்பு அழிந்தாலும், பாதி வெண்பா வாய்மொழியாக நூறாண்டு நிலைத்திருக்கக் கூடியதே. திரும்பி வந்ததும் சுடுகாட்டுக் காட்சியும் மட்டுமே ஒரே காலத்தை வேண்டுவன. அவ்விரண்டும் கதையின் சுவைக்காகக் கதைசொல்லிகள் சேர்த்தவையாகவே தோன்றுகின்றன. இணையற்ற ஆசுகவிகளை, அதாவது கொடுத்த பொருளில் நொடியில் பாடுவோரை, ஒருமுறையேனும் நேருக்கு நேர் நிறுத்தாமல் மரபு அமைதி கொள்வதில்லை.

பாடித் திரிந்தோரின் காலத்தை அவர்தம் புரவலரைக் கொண்டு அளப்பதே உறுதியான வழி என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தில் அதியமானின் பழந்தலைநகராயிருந்த தகடூர் சான்றாகும். பலரோடு பலநாள் சென்றாலும் அதியமான் முதல்நாள் போன்ற விருப்பத்தோடே வரவேற்பான் என்று ஔவையார் பாடியது (புறநானூறு 101) திரியும் பாணர் கூட்டத்தின் வாழ்வையே காட்டுகிறது. ஆயின் அவர் காலத்துக்கு நூலுக்கு வெளியே பிடிமானம் கிடைத்தது 1981இல்தான். திருக்கோவலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ’ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி, அதாவது துறவியர் தங்கும் குகை, எனக் கூறுகிறது. அசோகர் கல்வெட்டுகளின் ‘சதியபுதோ’ யார் என்னும் நெடுநாள் வினாவுக்கு விடை தந்த இவ்வரியில், பிராகிருத ஈற்றுடன் அப்பட்டம் தமிழ் வாக்கியத்துள் நிற்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தம் குடிக்கு வடபுலத்தார் இட்ட பெயரை அதியர் தமக்குரிய பட்டமாக ஏற்றிருந்தனர் என்பதை அது உணர்த்துகிறது. அதியமான் கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்னும் புறநானூற்றுச் செய்தியோடு (99) கல் இருக்கும் இடமும் ஒத்துப் போகிறது. ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.பி. 1ஆம் நூற்றாண்டளவில் வைக்க, பிறர் அதற்கும் முந்தைய காலத்துக்குத் தள்ளுவதால், காலம் முற்றும் முடிந்துவிட்டது என்று கூற இயலாது.

இதே அளவுகோலை இரட்டையருக்கும் இட்டுப் பார்க்கலாம். அவர்கள் பாடிய ஏகாம்பரநாதர் உலா, படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயருள் மல்லிநாதனைக் குறிப்பதால், அவர்கள் 14ஆம் நூற்றாண்டினர் ஆகின்றனர். திருமலைராயனோடு தொடர்புடைய காளமேகமோ 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியினர். ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியை எந்த நீண்ட ஆயுளாலும் நிரப்ப முடியாது. வில்லிபுத்தூராரைப் புரந்த வரபதி ஆட்கொண்டானோடு இரட்டையரைச் சேர்க்கும் செய்தி அவர்களைச் சற்றுப் பிந்தியவராக்கக் கூடும் என்பதால், எந்தப் பத்தாண்டு என்பது திறந்த வினாவாகவே உள்ளது. எவ்வாறாயினும், சுடுகாட்டு இரங்கற்பாவை இரட்டையர் பெயரில் அச்சிடும் பதிப்பாசிரியர்கள், அது ஐயத்துக்குரியது என்னும் குறிப்பை இனியேனும் உடன் சேர்க்க வேண்டும்.