மெலனோமாவின் பிறப்பிடம்: வெயில் படாத தோலை முன்வைத்து

வெயிலின் புறஊதாச் சுட்டெண்ணை மக்களுக்கு முதன்முதலில் அறிவிக்கத் தொடங்கிய நாடு கனடா, ஆண்டு 1992. அந்நாட்டின் பிக்கரிங் நகரில் ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் தொப்பியும் வெயில் களிம்புமாகக் கிளம்புவதில் அந்த எண்ணுக்கும் பங்குண்டு. ஆனால் அவ்வூரில் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை, வெயிலைப் பற்றி மட்டும் எச்சரிப்பது அரைக்கிணறு தாண்டுவதுதான். மெலனோமா எனும் கொடிய தோற்புற்று உடலில் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போனால் இது விளங்கும்.

தோலுக்கு நிறம் தரும் கலங்கள் தோலில் பிறந்தவையல்ல. கருவின் முதுகுப்புறத்தில், நரம்புக் குழாயின் விளிம்பிலுள்ள நரம்பு முகட்டிலிருந்து அவை புறப்பட்டு வருகின்றன. நரம்பிழைகளை ஒட்டி வளரும் சுவான் கலங்களின் முன்னோடிகளும் நிறமிக் கலங்களாக மாறுவதை 2009இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் காட்டினர். வந்து சேர்ந்தவற்றில் ஒரு பகுதி, மயிர்க்காலின் புடைப்புக்குள் குருத்துக்கலங்களாக ஒதுங்கிவிடுகிறது. ஜப்பானில் எமி நிஷிமுராவும் சகாக்களும் 2002இல் எலிகளில் இதைக் கண்டறிந்தனர்.

புற்றுக்கு வித்து இந்தக் குருத்துக்கலமா, முதிர்ந்த நிறமிக் கலமா?

2017இல் இரண்டு விடைகளும் வந்தன. மரபணுப் பிறழ்வு ஏற்றப்பட்ட குருத்துக்கலங்கள் புறஊதா ஒளி பட்டதும் மயிர்க்காலை விட்டு மேல்தோலுக்கு ஏறிப் புற்றாவதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் காட்டினர். முதிர்ந்த கலமே தன் முதிர்ச்சியை உதறிப் புற்றாகலாம் என்றது பெல்ஜியக் குழு. இரு தரப்பின் சான்றுகளும் எலிகளிலிருந்து வந்தவை. பிறழ்வுகளைப் புகுத்திய முறைகளும் வேறு. ஒரு தரப்பை வென்றதாக அறிவிப்பது அவசரம். மெலனோமாவுக்குப் பிறப்பிடம் ஒன்றல்ல என்று கொள்வதே சான்றுகளோடு பொருந்துகிறது.

அதற்கு வலுவான சான்று உள்ளங்கால். அங்கே மயிர்க்கால் கிடையாது, வெயிலும் அரிது. ஆயினும் கருநிறத் தோலினருக்கு அரிதாக மெலனோமா வரும்போது, அதில் கணிசமான பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் அது கால் பெருவிரலில் கண்டறியப்பட்டது. 1981இல், 36 வயதில், அவர் இறந்தார். இவ்வகைப் புற்றின் மரபணுத் தொகுதியில் புறஊதாவின் தடயம் பெரும்பாலும் மிகக் குறைவு. நிறப்புரிகள் உடைந்தும் இடம்மாறியும் கிடப்பதே மிகுதி.

மயிர்க்கால் இல்லாத தோலில் குருத்துக்கலம் எங்கே தங்கும்? வியர்வைச் சுரப்பியின் அடியில் என்று 2014இல் நிஷிமுராவின் குழுவே பதில் தந்தது. உள்ளங்கால் மெலனோமாவின் முன்னோடிகள் அங்கிருந்து வரக்கூடும் என்பது அவர்களின் வாதம்.

அப்படியானால் பிக்கரிங்கில் ஒரு குடும்ப மருத்துவர் தமிழ் நோயாளியின் தோலைப் பார்க்கும்போது முகத்தோடும் கைகளோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. காலுறையையும் கழற்றச் சொல்ல வேண்டும். பார்ப்பது எப்படி என்பதற்கும் ஜப்பானிய மருத்துவர்கள் முன்பே வழி சொல்லியிருந்தனர். தோல்நோக்கியில் பார்த்தால், உள்ளங்காலின் சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் ரேகைகளின் பள்ளங்களில் ஓடும்; தொடக்கநிலை மெலனோமாவில் மேடுகளில் படியும். வியர்வைக் குழாய்கள் திறப்பதும் அந்த மேடுகளில்தான்.